மொட்டையும் முகமூடியும்

எல்லாரும் கேட்கும் முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, நான் புகைபிடித்ததில்லை. வெற்றிலை, பாக்கு, புகையிலை எதுவும் போட்டதில்லை. கல்லூரியில் ஒருமுறை பீர் குடித்து விடுதி வாசலிலேயே வாந்தி எடுத்தேன். அதோடு அதுவும் முடிந்தது. வயது முப்பத்தொன்று. நாக்கில் புற்றுநோய். "சிலருக்கு இப்படி வருகிறது, ஏன் என்று எங்களுக்கும் தெரியவில்லை" என்றார் டாக்டர். தெரியவில்லை என்ற சொல்லோடு அப்போது எனக்குப் பழக்கம் கிடையாது.

என் வேலை அப்படி. துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர் நான். தொழிற்சாலைகளிலிருந்து அழுத்தமானி, வெப்பமானி, தராசு என்று பெட்டி பெட்டியாக வரும். ஒவ்வொன்றும் எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று கண்டுபிடித்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அந்த வேலையின்மேல் எனக்கு ஒரு வெறியே உண்டு. வீட்டுச் சமையலறைத் தராசை நான் நாணயங்களை அடுக்கிச் சோதிப்பதைப் பார்த்து என் மனைவி ஷீலா தலையில் அடித்துக்கொள்வாள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் செய்த தவறு, அளவு தெரியாதவன் செய்த தவறு அல்ல.

தொடக்கம் ஒரு புண். நாக்கின் இடது ஓரத்தில், கடைவாய்ப் பல் உரசும் இடத்தில், கொண்டைக்கடலை அளவு. இரண்டு மாதம் ஜெல் தடவினேன். பூன் லேயில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். ரசம் பட்டால் காதுவரை சுரீரென்று இழுக்க ஆரம்பித்தபின், கிளமெண்டியில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். அவர் பல்லைப் பார்க்கவே இல்லை. நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, புண்ணின் விளிம்பை விரலால் அழுத்தினார். எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாற்காலியை எனக்கு நேராக இழுத்து உட்கார்ந்தார். டாக்டர்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தால் நல்ல சேதி வராது.

அதன்பின் எல்லாம் ஓட்டம்தான். பயாப்ஸி, அதாவது புண்ணிலிருந்து அரிசியளவு சதையைக் கிள்ளி நுண்ணோக்கியில் பார்ப்பது. பிறகு ஸ்கேன். பிறகு ஒரு திங்கட்கிழமை அறுவை. நாக்கின் இடது பக்கத்தில் கால்வாசியை எடுத்தார்கள். கூடவே இடது கழுத்தின் நிணநீர் முடிச்சுகளையும். காய்ச்சல் வந்தால் கழுத்தில் நெறி கட்டுமே, அந்த இடங்கள். புற்று முதலில் அங்கேதான் குடிபோகுமாம்.

அறுவைக்கு மூன்று நாள் முன்பு அம்மா திருச்சியிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தார். வார்டில் ஐந்து நாள். மூக்கில் குழாய், கழுத்தில் வடிகுழாய், பேச முடியாது. போனில் தட்டிக் காட்டுவேன். அம்மா கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்ததால் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் ஒரு திரைக்கு ஒரு சொல்தான் கொள்ளும். "தண்ணீர்." "வலி." "போங்க." கடைசிச் சொல்லை அவர் படிக்காத மாதிரி ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருப்பார்.

இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. முடிச்சுகள் சுத்தம். ஆரம்ப நிலைதான். ஷீலா என் கையைப் பிடித்தாள். ஆனால், என்றார் டாக்டர். எடுத்த சதையின் ஓரத்துக்கும் புற்றுக்கும் நடுவே நல்ல சதை ஐந்து மில்லிமீட்டராவது இருக்க வேண்டுமாம். எனக்கு ஓரிடத்தில் இரண்டுதான் இருந்தது. அதோடு, செல்கள் ஒரு நரம்பை ஒட்டி ஊர்ந்து போகத் தொடங்கியிருந்தன. கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது மிஞ்சியிருக்கலாம். அதனால் கதிர்வீச்சு. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் முப்பது முறை.

கதிர்வீச்சு டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. மெதுவாக, புள்ளி வைத்துப் பேசுவார். "அறுவை நடந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். மிஞ்சியது ஏதாவது இருந்தால் அதற்கு நாம் நேரம் கொடுக்கக் கூடாது."

ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு நாள். வீட்டுக்கு வந்ததும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் தாள் ஒட்டி, கட்டம் போட்டு, தினமும் ஒன்றைச் சிவப்பால் அடித்துவந்தேன். இதிலும் ஒரு கண்டம் வந்தது. கதிர்வீச்சு பட்டபின் தாடை எலும்புக்கு ஆறும் சக்தி குறைந்துவிடும் என்பதால், சொத்தைப் பல் இருந்தால் முன்கூட்டியே பிடுங்கிவிட வேண்டும். ஒரு பல் போனது. ஈறு ஆறக் காத்திருந்ததில் பத்து நாள் போனது. இருபத்தெட்டாம் நாள்தான் முகமூடி செய்யக் கூப்பிட்டார்கள்.

அந்த முகமூடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வலைபோல் துளைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு. வெந்நீரில் போட்டால் அப்பளம் போல் துவண்டுவிடும். நம்மைப் படுக்க வைத்து, முகத்திலிருந்து தோள்வரை இழுத்துப் பதித்து, மேசையோடு பூட்டிவிடுவார்கள். சில நிமிடங்களில் இறுகி, நம் முகத்தின் அச்சாகிவிடும். பிறகு தினமும் அதே அச்சுக்குள் படுத்து, அதே இடத்தில் தலை இருந்தால்தான் கதிர் போக வேண்டிய இடத்துக்குப் போகும். கொஞ்சம் நகர்ந்தால் படக் கூடாத எச்சில் சுரப்பியிலும் தண்டுவடத்திலும் படும். பட வேண்டிய இடம் தப்பித்துக்கொள்ளும்.

அதைச் செய்தவர் கவிதா. இங்கேயே பிறந்து தோ பாயோவில் வளர்ந்த பெண். கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்குபவர். இந்த ஊர்ப் பேச்சுக்கே உரிய 'லா' அவர் வாக்கியங்களின் வாலிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

"அண்ணா, கொஞ்சம் சூடா இருக்கும், பயப்படாதீங்க. ஃபேசியல் மாதிரிலா."

வாயில் நாக்கை அழுத்தி வைக்கும் கட்டை. அதை எடுத்ததும் நான் குழறிக்கொண்டே கேட்ட முதல் கேள்வி: "எவ்ளோ நகரலாம்? டாலரன்ஸ்?"

கவிதா சிரித்துவிட்டார். "இத யாரும் கேட்டதே இல்ல. மூணு மில்லிமீட்டர். அதுக்கு மேல போனா நாங்க மெஷின ஆன் பண்ண மாட்டோம்."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இயந்திரத்தின் கை எத்தனை பாகை சுற்றும், தினமும் காலையில் யார் அதைச் சரிபார்க்கிறார்கள், எந்தக் கருவியால் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில், "வெயிட்ட கொறைக்காதீங்க. முடி வெட்டாதீங்க, தாடியும் இப்படியே இருக்கட்டும். இன்னிக்கு எப்படி இருக்கீங்களோ அப்படியே வாங்க, ஓகே?" என்றார். ஓகே என்றேன். என் கண் இயந்திரத்தின் கழுத்தில் ஒட்டியிருந்த சரிபார்ப்புச் சீட்டின்மேல் இருந்தது.

முதல் சிகிச்சை முப்பத்தெட்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை என்று குறித்தார்கள். நான்கு நாள் மிச்சம் வைத்து ஜெயித்துவிட்டேன் என்று தாளில் ஒரு வட்டம் போட்டேன்.

அம்மா இங்கே தங்குவதற்கான பாஸை ஒரு வாரம் நீட்டித்திருந்தோம். சிகிச்சைக்கு முந்தைய சனிக்கிழமை அவர் கிளம்ப வேண்டும். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, சாப்பிடும் நேரத்தில் மெல்லச் சொன்னார். அறுவை நடந்துகொண்டிருந்தபோது வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்திருக்கிறார்: பிள்ளை உயிரோடு வெளியே வந்தால் அவன் முடியைக் காணிக்கையாகக் கொடுப்பதாக.

"அதெல்லாம் முடிஞ்சு ஊருக்கு வந்ததும் போடலாம்மா" என்றேன்.

"அப்படி இல்லடா ராசா. அன்னிக்குக் கேட்டத மாதா குடுத்துட்டா. குடுத்ததுக்கு நாம குடுக்கணும்ல? அந்தக் கடன வச்சுக்கிட்டு இப்ப கதிர்வீச்சுக்குன்னு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவகிட்ட மறுபடி போயி நிப்பேன்?"

வாதம் செய்ய ஒன்றும் இல்லை. கணக்கு நேராக இருந்தது. நான் ஞாயிறு பூசைக்கு ஷீலாவுக்காகப் போகிறவன். நேர்ச்சையில் எனக்கு நம்பிக்கை பாதிகூடக் கிடையாது. ஆனால் இந்தப் பெண்மணி வார்டில் ஐந்து இரவும் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியவர். அவர் கையில் எதையாவது கொடுத்து அனுப்ப வேண்டும் என்று தோன்றியது.

ஷீலா என்னைச் சமையலறைக்கு இழுத்தாள். "முகமூடி செஞ்சாச்சு. முடி வெட்டக் கூடாதுன்னு சொன்னாங்கன்னு நீதானே சொன்ன? கவிதாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளு."

"மண்டையோடு மாறாது ஷீலா. முடி ஒண்ணு ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குகூட இல்ல. அதுவும் அமுங்கிடும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாத."

அறுபட்ட நாக்கில் முழங்கால் என்ற சொல் வேறு ஏதோவாக வெளியே வந்தது. கூடத்திலிருந்து அம்மா சிரிப்பது கேட்டது. எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போன் என் கையில்தான் இருந்தது.

இரண்டு நிமிடத்தில் நான் போட்ட அந்தக் கணக்கில் என்ன விடுபட்டது என்று இப்போது சொல்கிறேன். என் முடி சுருள் முடி. இரண்டு மாதமாக வெட்டாதது. ஒரு முடி மெல்லியதுதான். ஆனால் பின்மண்டையின் கீழே அது ஒரு சின்ன மெத்தை. அந்த மெத்தை போனால் மண்டை கீழே இறங்கும், மோவாய் மேலே தூக்கும். வேலையில் ஒரு கருவியைச் சோதிக்கும்போது அதன் அடியில் ஒரு காகிதம் கிடந்தால்கூட நான் கண்டுபிடித்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஷீலாவும் அம்மாவும் நானும் போனோம். லிட்டில் இந்தியாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், முடிதிருத்தகம். நாற்காலி மூன்று, காத்திருக்கும் பெஞ்சில் கட்டுமான வேலை உடுப்போடு நான்கு பேர். முடிதிருத்துபவர் மதுரைக்காரர். என் கழுத்துத் தழும்பைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"சார், இது இன்னும் செவப்பா இருக்கே. ஆபரேசனா?"

"ஆமா தம்பி. பாத்துப் பண்ணுங்க" என்றார் அம்மா.

"நேர்த்திக்கடனா அம்மா? பழனியா, சமயபுரமா?"

"வேளாங்கண்ணி."

"அப்ப மாதா பாத்துக்குவா. சார், தலையக் குனிங்க. பேசாதீங்க."

"அவன் இப்பல்லாம் அவ்வளவா பேசறதில்ல" என்றார் அம்மா. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா புதுக் கைக்குட்டை ஒன்றை விரித்துப் பிடித்து விழும் முடியை எல்லாம் ஏந்தினார். என் தோளில் ஒட்டியதைக்கூட ஒவ்வொன்றாக எடுத்தார். முடிந்ததும் பையிலிருந்து சந்தனத்தை எடுத்து என் தலையில் குழைத்துப் பூசினார். குளிர்ந்தது. கடைப் பையன் யாரோ எங்கள் மூவரையும் படம் எடுத்துக் கொடுத்தான். அந்த நாட்களில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்த படம் அது ஒன்றுதான்.

சனிக்கிழமை அம்மா கிளம்பினார். அடுத்த வியாழக்கிழமை காலை ஷீலாவோடு, தலையில் தொப்பியோடு கதிர்வீச்சுப் பிரிவுக்குப் போனேன். அது அடித்தளத்தில் இருக்கிறது, ஜன்னல் கிடையாது. சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே போய்த் தொப்பியைக் கழற்றினேன்.

கவிதா கையில் என் முகமூடியோடு நின்றார்.

"அண்ணா... முடி எங்க?"

"மொட்டை. வேளாங்கண்ணிக்கு. அதனால ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஐயோ அண்ணா." அவ்வளவுதான் சொன்னார்.

படுக்க வைத்தார்கள். முகமூடியைப் பூட்டினார்கள். முன்பு மூக்கை நசுக்கிக்கொண்டு இருந்தது, இப்போது நெற்றியில் காற்று புகுந்தது. எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. கதிர் விடுவதற்கு முன் தலை சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒரு படம் எடுப்பார்கள். எடுத்தார்கள். உள்ளே வந்தார்கள், கழற்றினார்கள், மறுபடி பூட்டினார்கள். மறுபடி படம். பின்மண்டைக்குக் கீழே மெல்லிய துணி மடித்து வைத்துப் பார்த்தார்கள். மறுபடி படம். வாயில் கட்டை இருந்ததால் எதுவும் கேட்க முடியவில்லை. எச்சில் காதை நோக்கி வழிந்தது. நாற்பது நிமிடம் கழித்து முகமூடியைக் கழற்றி, என்னை உட்கார வைத்து, டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

"மோவாய் ஏழு மில்லிமீட்டர் தூக்குது. துணிய வச்சா தலை சாயுது" என்றார் கவிதா. கண்ணை என் பக்கம் கொண்டுவரவே இல்லை.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புது முகமூடி, புது ஸ்கேன், புதிதாகத் திட்டம் போட வேண்டும் என்றார். கதிர் எந்தக் கோணத்தில், எவ்வளவு, எங்கே என்று கணினியில் மறுபடி முதலிலிருந்து கணக்கிட வேண்டும். இன்னொருவர் அதைச் சரிபார்க்க வேண்டும். எவ்வளவு விரட்டினாலும் அடுத்த வெள்ளிக்கிழமைதான்.

நாற்பத்தாறாம் நாள். ஆறு வாரம் முடிந்து நான்கு நாள்.

உடை மாற்றும் அறையில் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அம்மா. வேளாங்கண்ணியிலிருந்து படம் அனுப்பியிருந்தார். கோவிலுக்கு முன்னால் கைக்குட்டைப் பொதியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு. கீழே ஒரு வரி: "கடன் தீந்துச்சு ராசா. இனி பயமில்ல."

வீட்டுக்குப் போகும் ரயிலில் ஷீலா என் தொப்பியையே பார்த்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்ததும், "நான் போன் போடச் சொன்னேன் அருள்" என்றாள். பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்று எனக்குத் தெரியும்.

"அத்தைகிட்ட சொல்லிடு" என்றாள் இரவில்.

"என்னன்னு? உங்க நேர்ச்சையால எனக்கு எட்டு நாள் போச்சுன்னா?"

"நேர்ச்சையால இல்ல. உன்னால. அப்படியே சொல்லு."

சொல்லவில்லை. இயந்திரத்துக்குக் கூட்டம் அதிகம், ஒரு வாரம் தள்ளிவிட்டார்கள் என்று சொன்னேன். அம்மா யோசித்துவிட்டு, "பாத்தியா, உன் ஒடம்பு தேறட்டும்னு மாதா ஒரு வாரம் ஓய்வு குடுத்துருக்கா" என்றார். அந்த எட்டு நாளும் நான் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. நாக்கின் தையல் ஓரத்தை மேல்வரிசைப் பல்லில் தேய்த்துத் தேய்த்து, ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தொடங்கியது. புது முகமூடி, மொட்டைத் தலையோடு செய்தது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஷீலா வீட்டிலேயே என் தலையை மழித்துவிட்டாள்.

முதல் வாரம் ஒன்றும் இல்லை. கதிர் வலிக்காது, சூடு இல்லை, வெளிச்சமும் இல்லை. ஏதோ சுற்றுகிறது, ரீங்காரம் கேட்கிறது, பத்து நிமிடத்தில் கதவு திறக்கிறது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் ருசி போனது. ஒரே நாளில் அல்ல. முதலில் இனிப்பு, அப்புறம் உப்பு. கோப்பி வெந்நீரில் நனைத்த அட்டைபோல் இருந்தது. மூன்றாம் வாரம் வாய் முழுக்கப் புண். எச்சில் பசையாகிவிட்டது, விரலால் இழுத்தால் நூல் வரும். நாலாம் வாரம் கழுத்துத் தோல் கறுத்து, உரிந்து, தலையணை உறையோடு ஒட்டிக்கொண்டது. மார்ஃபின் சிரப் கொடுத்தார்கள். விழுங்குவதற்கு முன் வாயை மரத்துப்போக வைக்கும் மருந்தைக் கொப்பளித்து, அந்தக் கால்மணி நேரத்துக்குள் ஒரு குவளை கஞ்சியை ஊற்றிக்கொள்ள வேண்டும். ஷீலா மிக்சியில் அடித்து, வடிகட்டி, மறுபடி வடிகட்டிக் கொண்டுவருவாள். ஒருநாள் அதில் ஒரு பருக்கை இருந்தது. நான் குவளையைச் சுவரில் அடித்தேன். அவள் துடைத்துவிட்டு இன்னொரு குவளை கொண்டுவந்தாள்.

காத்திருக்கும் அறையில் எனக்கு முந்தைய முறை லிம் அங்கிளுடையது. தொண்டைப் புற்று, எழுபது வயது, டாக்ஸி ஓட்டியவர். என் தலையைப் பார்த்த முதல் நாளே, "ஹேய் போத்தாக்! கீமோவா?" என்றார். மொட்டைக்கு இங்கே எல்லாரும் சொல்லும் மலாய்ச் சொல் அது.

"இல்ல அங்கிள். கடவுளுக்குக் கொடுத்தது."

"கடவுள் வாங்கிக்கிட்டு என்ன கொடுத்தார்?"

"எட்டு நாள் லேட்."

அவரிடம் மட்டும்தான் முழுக்கச் சொன்னேன். முன்பின் தெரியாதவரிடம் சொல்வது சுலபம். லிம் அங்கிள் கையை வீசினார். "நான் டாக்டர்கிட்ட வரவே எட்டு மாசம் லேட்லா. சீனப் புத்தாண்டு முடியட்டும், பேரன் பரீட்சை முடியட்டும்னு. என்கிட்ட வந்து எட்டு நாளுன்னு அழாதே, போத்தாக்." மறுநாள் எனக்குச் சோயாப் பால்கட்டி வாங்கிவந்தார், இனிப்புப் பாகு இல்லாமல். வழுக்கிக்கொண்டு இறங்கும், மெல்ல வேண்டியதில்லை. ஐந்தாம் வாரம் நான் உயிரோடு இருந்தது அதனால்தான். அவர் எனக்கு முன்பே முடித்துவிட்டார். கடைசி நாள் தொண்டைப் புண்ணால் அவருக்குப் பேச்சு வரவில்லை. என் தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

முப்பதாவது முறை முடிந்ததும் கவிதா முகமூடியை என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு எடுத்துப் போகலாமாம். வேண்டாம் என்றேன்.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன். அதற்குள் முடி பாதி முளைத்திருந்தது. காதுக்குக் கீழே, கதிர் பட்ட இடத்தில் மட்டும் முளைக்கவில்லை. டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். நாக்கு சுத்தம். இடது கழுத்து சுத்தம். வலது கழுத்தில் ஒரு முடிச்சு. ஒன்பது மில்லிமீட்டர்.

"வாய்ப்புண்ணால் வீங்கியிருக்கலாம். அப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். ஆறு வாரம் கழித்துப் பார்ப்போம். வளர்ந்திருந்தால் ஊசி போட்டுச் சோதிப்போம்."

ஷீலா முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். "அந்த எட்டு நாளாலா?"

டாக்டர் பேனாவை மூடினார். "அந்த எட்டு நாள் ஒன்றும் செய்யவில்லை என்று உங்களுக்கு எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. செய்தது என்றும் யாராலும் சொல்ல முடியாது. திரும்பி வந்தாலும் தெரியாது, வராவிட்டாலும் தெரியாது. சின்னத் தாமதம்தான் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான்."

அன்று மாலை அம்மா கூப்பிட்டார். நாக்கு சுத்தம் என்றேன். அழுதார், சிரித்தார், நான் அடுத்ததைச் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்: "நேத்தே நேந்துட்டேன்டா. நல்ல சேதி வந்தா இன்னொரு மொட்டை. அடுத்த மாசம் நீ வர முடியாட்டியும் அங்கயே போட்டு முடிய அனுப்பு."

அடுத்த மாதம். அந்த முடிச்சு வளர்ந்தால் மறுபடி அறுவை, மறுபடி கதிர்வீச்சு, மறுபடி முகமூடி. இனியும் மறைக்க முடியாது. ஷீலா எதிரில் வந்து உட்கார்ந்தாள். சொன்னேன். வலது கழுத்தில் இருப்பதைச் சொன்னேன். முகமூடி லூசானதை, ஏழு மில்லிமீட்டரை, எட்டு நாளை. இயந்திரத்தில் கூட்டம் இல்லை என்பதை. "தப்பு என்னுதும்மா. வெட்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. ஷீலா கேக்கச் சொன்னா. நான்தான் கேக்கல."

மறுமுனையில் மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"எந்தப் பக்கம் இருக்குன்னு சொன்ன?"

"வலது."

"அறுத்தது எடது."

"ஆமாம்மா."

"சரி" என்று வைத்துவிட்டார். எப்போதும் வைக்கும்முன் மாதா காப்பாத்துவா என்பார். சொல்லவில்லை. மறுநாள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு என்ன சாப்பிட்டாய், எவ்வளவு இறங்கியது என்று மட்டும் கேட்டார். இப்படியே மூன்று வாரம். தினமும் கூப்பிடுகிறார், சாப்பாடு கேட்கிறார், வைத்துவிடுகிறார். காலை பூசைக்கும் போவதில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா ஷீலாவிடம் சொன்னாராம்.

எனக்கு அது தாங்கவில்லை. ஸ்கேனுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நாக்கால் பல்லைத் தேய்ப்பதைப்போல் இப்போது விரலால் கழுத்தைத் தேய்க்கிறேன். எனக்கு ஜெபம் செய்ய வராது. வரும் ஆள் ஒருவர்தான் இருந்தார். நேற்று அவர் சாப்பாட்டுக் கேள்வியை முடித்ததும் கேட்டுவிட்டேன்.

"அம்மா, ஸ்கேனுக்கு வேண்டிக்கோங்கம்மா."

சண்டைக்கு வந்தவர் மாதிரி, "என்னன்னுடா வேண்டுறது? நான் ஒண்ணு கேக்க, அது ஒண்ணா ஆகுது. இனிமே நீயே சொல்லு, என்ன கேக்கணும்னு" என்றார்.

"வலது பக்கம். ஒம்பது மில்லிமீட்டர். அதுக்கு மேல போகக் கூடாது."

"நேர்ச்சை கீர்ச்சை ஒண்ணும் இல்லாம?"

"ஒண்ணும் இல்லாம."

"இரு" என்றார். இழுப்பறையைத் திறக்கும் சத்தம், எதையோ தேடும் சத்தம். "இரு, பேனாவ எடுத்துக்கிறேன். மெதுவா சொல்லு."